மூன்றாம் தரம் கேட்கும்வரை

எங்கள் ஆட்களிடம் ஒரு பதவியைப் பெறுவதென்றால் முதலில் அதை வேண்டாம் என்று சொல்ல வேண்டும். இரண்டாம் தரம் கேட்கும்போதும் வேண்டாம் என்றுதான் சொல்ல வேண்டும், ஆனால் கொஞ்சம் மெதுவாக. மூன்றாம் தரம் நாலு பேர் சூழ்ந்துகொண்டு, நீங்கள் இல்லாவிட்டால் வேறு யார் செய்வது என்று கேட்கும்போது, தலையைக் குனிந்து ஒரு பெருமூச்சு விட்டு, எல்லாரும் இவ்வளவு தூரம் கேட்கிறீர்கள் என்று இழுக்க வேண்டும். இதை எனக்கு ஒருவரும் சொல்லித்தரவில்லை. தாய்ப்பாலோடு உள்ளே போயிருக்க வேண்டும்.

என் அண்ணை இந்த விடயத்தில் விண்ணன். மொன்றியலின் செயின்ட்-மிஷேலில் எங்கள் தமிழ்க் கத்தோலிக்கப் பங்கின் சபைத் தலைவர் அவர்தான். எவ்வளவு காலமாக என்று பங்குச் சாமியாரைக் கேட்டால் அவருக்குத் தெரியாது, ஏனென்றால் சாமியார்மார்தான் மாறிக்கொண்டிருக்கிறார்கள். ஒவ்வொரு வருடமும் கோயிலின் நிலக்கீழ் மண்டபத்தில் பொதுக்கூட்டம் நடக்கும். அண்ணை எழுந்து, இந்தமுறை தன்னை விட்டுவிடும்படியும், முழங்கால் சுகமில்லை என்றும், இளம் ஆட்கள் முன்னுக்கு வர வேண்டும் என்றும் சொல்லுவார். இளம் ஆட்கள் என்று அவர் கையைக் காட்டுகிற பக்கத்தில் இருப்பவர்களுக்கும் முழங்கால் சுகமில்லை. மண்டபம் முழுக்க "இல்லை, இல்லை" என்று சத்தம் போடும். அவர் மறுப்பார். திரும்பக் கேட்பார்கள். கையெடுத்துக் கும்பிட்டு மறுப்பார். மூன்றாம் தரம் ஒத்துக்கொள்வார். கைதட்டு, பற்றீஸ், தேநீர். வீட்டில் அண்ணி புதிய வருடத்து வேலைகளுக்கான கோப்பைக் காலையிலேயே மேசையில் எடுத்து வைத்துவிட்டுத்தான் கூட்டத்துக்கு வந்திருப்பா.

ஒருமுறை, பொருளாளர் பதவிக்கு யார் விருப்பம் என்று சாமியார் கேட்டவுடனேயே ஒருவர் கையைத் தூக்கி, தான் செய்கிறேன் என்று சொல்லிவிட்டார். மண்டபத்தில் எல்லாத் தலையும் அவர் பக்கம் திரும்பியது. ஆள் வங்கியில் வேலை செய்தவர், கணக்கில் புலி, பங்குக்காக ஓடியாடி வேலை செய்கிறவரும்கூட. என்ன பயன்? எனக்குப் பின்வரிசையில் இருந்த ஒரு அக்கா பக்கத்திலிருந்தவரின் காதுக்குள், "ஆள் ஆசைப்படுறார்" என்றா. ஆளுக்கு ஏதோ தொற்றுவியாதி வந்துவிட்ட தொனி. பதவி வேறொருவருக்குப் போனது. அடுத்த வருடம் அவர் குடும்பத்தோடு டொரோண்டோவுக்குப் போய்விட்டார். வேலை விடயமாக என்றுதான் வெளியில் கதை.

நான் பல்கலைக்கழகத்தில் முகாமைத்துவ விஞ்ஞானப் பேராசிரியை. இதை எங்கள் ஆட்களிடம் சொல்லி நான் பட்ட பாடு கொஞ்சமில்லை. ஒருவர் தன்னுடைய டெபானர் என்கிற மூலைக்கடையில் எத்தனை பால் பெட்டி எடுத்து அடுக்கலாம் என்று கேட்பார். இன்னொருவர் மகளின் கலியாணத்தில் சாப்பாட்டு வரிசை ஏன் நகரவில்லை என்று என்னிடம் வந்து முறையிடுவார். நான்தான் கோழிக்கறிச் சட்டிக்கு முன்னால் குறுக்கே நின்றேன் என்ற எண்ணம்போலும். உண்மையில் என் வேலை வேறு. மனிதர்கள் தங்களுக்கு என்ன வேண்டும் என்பதை எப்படி வெளியே காட்டுகிறார்கள், அதை வைத்து ஒரு நிறுவனம் எப்படித் தீர்மானம் எடுக்கிறது என்று கணக்குப் போடுவதுதான் என் ஆராய்ச்சி. வேண்டியதை மறைத்தால் என்ன ஆகும், மாற்றிச் சொன்னால் யாருக்கு நட்டம் என்றெல்லாம் கட்டுரை எழுதி, கறுப்பு ஜாக்கெட் போட்டுக்கொண்டு பல ஊர் மாநாடுகளில் போய்ப் பேசியிருக்கிறேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு நீங்கள் சிரிக்கும்போது முழு விவரத்தோடு சிரிக்கலாம்.

அண்ணை ஸ்பொன்சர் பண்ணி மொன்றியலுக்கு வந்தவள் நான். செயின்ட்-மிஷேலில் அவருடைய வீட்டின் மேல்மாடியில் இருந்துகொண்டுதான் கலாநிதிப் படிப்பை முடித்தேன். பல்கலைக்கழகத்தில் வேலை தந்தபோது, சில வருடத்துக்குள் பிரெஞ்சில் படிப்பிக்க வேண்டும் என்று நிபந்தனை போட்டார்கள். என் பிரெஞ்சு முழுக்கக் கீழ்வீட்டு ஹெயிட்டிக் குடும்பத்திடம் பழகியது. அதன்மேல் யாழ்ப்பாணத்து ராகம். முதல் விரிவுரை முடிந்ததும் ஒரு மாணவி மிகவும் மரியாதையாக, நீங்கள் எந்தத் தீவு என்று கேட்டாள். நானும் ஒரு தீவுதான் என்றேன். பொய்யில்லையே.

அந்தக் கட்டிடத்தில் எனக்குத் தலைமயிர் நரைத்தது. கெட்டிக்காரி என்று பெயர் கிடைத்தது. ஆனால் பதவி ஒன்றும் கிடைக்கவில்லை. கலாநிதிப் படிப்புகளுக்குப் பொறுப்பாளர் வேலை வேறொருவருக்குப் போனது. துறைக்காரர் நடத்தும் ஆய்விதழின் ஆசிரியர் பொறுப்பும் அப்படியே. ஒரு வருடம் வெளிநாட்டில் இருந்து ஆராய்ச்சி செய்கிற வாய்ப்பு எனக்குப் பிறகு வந்த ஒருவருக்குப் போனது. ஒவ்வொரு தரமும் நான் வீட்டுக்கு வந்து, கைப்பையைக் கதிரையில் எறிந்து, "எங்கட ஆக்களை இவங்கள் எங்க விடப்போறாங்கள்" என்பேன். கணவர் ஓம் என்பார். அவர் வைத்தியசாலை ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறவர். அவருக்கும் சொல்வதற்கு இரண்டு மூன்று கதை இருக்கும். இருவரும் மாறி மாறிச் சொல்லி ஆறுதலடைந்து, பிட்டு அவிப்போம்.

இப்படி இருக்கையில்தான் துறைத் தலைவரின் தவணை முடிய வந்தது. ஒளிக்காமல் சொல்கிறேன்: எனக்கு அந்தக் கதிரை வேண்டும். பல வருடமாக வேண்டும். அந்த அறையின் ஜன்னலில் மலை தெரியும் என்பது ஒரு காரணம். பெரிய காரணம், எங்கள் துறை நடக்கிற கோலம். நேரசூசிகை போடுவதை உலகத்துக்கே சொல்லிக்கொடுக்கிற துறை எங்களுடையது. ஒவ்வொரு செப்டெம்பரும் எங்கள் இரண்டு வகுப்புகள் ஒரே அறைக்கு வந்து வாசலில் முட்டுப்படும். காத்திருப்பு வரிசைகளைப் பற்றிப் பாடம் எடுப்பவரின் மாணவர்கள் அந்தப் பாடத்துக்கே வெளியே வரிசையில் நின்று காத்திருப்பார்கள். என்னிடம் தந்தால் இதையெல்லாம் ஒரு கோடைக்குள் சரிப்படுத்துவேன் என்று எனக்கு நிச்சயமாகத் தெரியும். இந்தத் தவணையை விட்டால் அடுத்தது வரும்போது நான் ஓய்வூதியக்காரி. இது எனக்குக் கடைசி பஸ்.

தலைவர் நல்ல மனிதர். கியூபெக்கின் வடக்கே எங்கேயோ சின்ன ஊர்க்காரர், கதை குறைவு. ஒரு நாள் மதியம் துறையின் குசினியில் தன் சூப்பை மைக்ரோவேவில் வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார். அடுத்த தலைவராக வருவதற்கு எனக்கு விருப்பமா என்று கேட்டார். இந்தக் கேள்விக்கு நான் குளியலறையில் எத்தனையோ நாள் பதில் சொல்லிப் பார்த்திருக்கிறேன். வாய் அதையெல்லாம் கணக்கெடுக்கவில்லை. ஐயோ நானா, என்னைவிடப் பொருத்தமானவர்கள் எவ்வளவு பேர் இருக்கிறார்கள் என்று சொல்லிவிட்டு, கண்ணைத் தாழ்த்தி, இரண்டாம் தரத்துக்காகக் காத்து நின்றேன்.

"ஆ, அப்படியா. தக்கோர்," என்றார் அவர். தக்கோர் என்றால் சரி என்று அர்த்தம். சூப்பை எடுத்தார். இந்த வருடம் பனி முந்திக் கொட்டும் போலிருக்கிறது என்றார். பிறகு கதிரையை இழுத்து வைத்து, ஊதி ஊதிக் குடிக்கத் தொடங்கினார். நான் இன்னும் கண்ணைத் தாழ்த்திக்கொண்டுதான் நின்றேன்.

யோசித்துவிட்டுத் திரும்பக் கேட்பார் என்று நினைத்தேன். நாளைக்குக் கேட்பார், இல்லாவிட்டால் வெள்ளிக்கிழமை கேட்பார். என் அறைக் கதவைத் திறந்து வைத்தேன். அவர் கோப்பி எடுக்கிற நேரம் பார்த்து நானும் கோப்பி எடுத்தேன். எனக்குக் கோப்பி ஒத்துக்கொள்ளாது, நெஞ்செரிவு வரும். அந்தக் கிழமை முழுக்க நெஞ்செரிவோடு திரிந்ததுதான் மிச்சம். மனுசன் ஒவ்வொரு நாளும் என்னைப் பார்த்துப் பொன்ஜூர் சொன்னார், பனியைப் பற்றிச் சொன்னார், போனார்.

எங்கள் வழக்கத்தில் இதற்கும் ஒரு வழி இருக்கிறது. ஒன்று வேண்டும் என்றால் அதை நாம் சொல்லக்கூடாது. மூன்றாம் ஆள் போய்ப் போகிற போக்கில் காதில் போட வேண்டும். அதனால் துறைச் செயலாளரின் மேசைக்குப் பக்கத்தில் நின்று, சில பேர் என்னைத்தான் தலைவராக வரச் சொல்கிறார்கள், என்ன செய்வது என்றே தெரியவில்லை என்று அலுத்துக்கொண்டேன். சில பேர் என்றது என்னையும் என் கணவரையும். அவ தட்டச்சு செய்வதை நிறுத்தாமலே, நீங்கள்தான் வேண்டாம் என்று சொல்லிவிட்டீர்களே மதாம், எல்லாருக்கும் தெரியுமே என்றா. அடுத்த நாள் மின்னஞ்சல் வந்தது. எங்கள் துறையின் இளம் விரிவுரையாளர் ஒருவர் தலைவர் பதவிக்கு நிற்கச் சம்மதித்திருக்கிறார். வேறு யாராவது விரும்பினால் அடுத்த கூட்டத்துக்கு முன் பெயரைத் தரலாம்.

அந்த இளைஞனை எனக்குப் பிடிக்காது. காரணம் ஒன்றும் பெரிதாக இல்லை. எந்தக் கூட்டத்திலும் மஞ்சள், பச்சை, ரோஸ் நிறத்தில் சின்னச் சின்னக் கடதாசிகளைக் கொடுத்து, மனதில் தோன்றுவதை எழுதிச் சுவரில் ஒட்டச் சொல்லுவான். எனக்கு மனதில் தோன்றுவதை ஒட்டினால் சுவர் தாங்காது.

அன்று கேர்க்லாண்டில் எங்கள் வீட்டுக் குசினியில் கைப்பை வழக்கம்போலக் கதிரையில் விழுந்தது. "பாத்தீங்களே," என்று தொடங்கினேன், "சும்மா பேருக்குத்தான் என்னைக் கேட்டவர். குடுக்கிற எண்ணம் இருந்தால் ஒருக்கா கேட்டுப்போட்டு விடுவாரே?" கணவர் வழக்கம்போல ஓம் என்றார். மகள் தன் தட்டில் இருந்து தலையை நிமிர்த்தினாள். மொன்றியலில் பிறந்தவள், சட்டம் படித்தவள், பிரெஞ்சில்தான் கனவே காண்கிறவள்.

"அம்மா, அவர் கேட்கேக்க நீங்கள் என்ன சொன்னனீங்கள்?"

சொன்னேன். அவள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"இஞ்ச வேண்டாமெண்டால் வேண்டாம்தான் அம்மா. எங்களுக்கு ஸ்கூலில முதல்முதல் அதைத்தான் சொல்லித் தந்தவை."

கணவர் இந்தத் தரம் அவளுக்கும் ஓம் என்றார். அவரை நான் பார்த்த பார்வையில் எழுந்து போய்த் தண்ணீர் குடித்தார். எனக்கு இரவுச் சாப்பாடு இறங்கவில்லை. அண்ணைக்கு ஃபோன் எடுத்து விடயத்தைச் சொல்லி, நானே போய்க் கேட்டால் என்ன என்றேன். "பிள்ளை, உன்ர வாயாலையோ?" என்றார். நான் ஏதோ தாலியைக் கழற்றிக் கொடுக்கப்போகிறேன் என்று சொன்னதுபோலப் பதறினார். கொஞ்சம் யோசித்து, பங்கிலிருந்து இரண்டு மூன்று பேரைக் கூட்டிக்கொண்டு தானே பல்கலைக்கழகத்துக்கு வந்து என் சார்பில் கதைத்துப் பார்க்கட்டா என்று கேட்டார். பற்றீஸும் கொண்டுவருவாராம். எங்கள் துறையின் வாசலில் சபைக்காரர் கோட்டுப் போட்டு, தட்டும் கையுமாக வரிசையில் நிற்கிற காட்சி என் கண்ணுக்கு முன்னால் வந்தது. வேண்டாம் என்றேன். அவர் திரும்பவும் கேட்டார். அதற்கும் வேண்டாம் என்றேன். மூன்றாம் தரம் கேட்கப்போகிறார் என்று தெரிந்து ஃபோனை வைத்துவிட்டேன்.

அடுத்த நாள் காலை தலைவரின் அறைக்குப் போனேன். ஜன்னலில் மலை தெரிந்தது. இருக்கச் சொல்லும் முன்னமே, "எனக்கு இந்தப் பதவி வேண்டும்," என்றேன். காது இரண்டும் சூடாகிப் போனது. அவர் பேனையை மூடி வைத்தார்.

"நீங்கள் எதற்கும் ஆசைப்படாதவர் என்றுதான் இவ்வளவு காலமும் நினைத்திருந்தேன்," என்றார். சத்தியமாகப் பாராட்டுகிற குரலில்தான் சொன்னார். புதிதாக வருகிற விரிவுரையாளர்களிடம்கூட, இவரைப் பாருங்கள், பதவிக்கு அலைவதில்லை என்று என்னைக் காட்டிச் சொல்லுவாராம். கலாநிதிப் படிப்புகளின் பொறுப்பா, முதலில் உங்களைத்தானே கேட்டோம், வேண்டாம் என்றீர்கள். ஆய்விதழா, முதலில் உங்களைத்தான். வெளிநாட்டு வருடமா, அதற்கும் முதலில் உங்களைத்தான் கேட்டோம் என்றார்.

ஒவ்வொன்றும் நினைவுக்கு வந்தது. ஒருமுறை படிக்கட்டில் வைத்துக் கேட்டார்கள், ஒருமுறை யாரோ ஒருவரின் பிரியாவிடை விருந்தில், ஒருமுறை லிஃப்டுக்குள். எல்லாவற்றுக்கும், ஐயோ நானா என்றுதான் சொல்லியிருக்கிறேன். கைப்பையை எறிந்த நாள்கள் எல்லாம் நினைவுக்கு வந்தன. எங்களை ஒதுக்கியவர்கள் அங்கே இல்லாமல் இல்லை. ஆரம்ப காலத்தில் என்னைத் துப்புரவுப் பணிக்கு வந்தவளாக நினைத்துக் குப்பைக்கூடையைக் காட்டியவரும் அதே மாடியில்தான் இருந்தார். அதை நான் மறக்கப்போவதில்லை. ஆனால் இந்த மூன்றும் அந்தக் கணக்கில் சேராது என்று அன்றுதான் தெரிந்தது. கோபம் கோபமாக வந்தது. யார்மேல் என்று பிடிபடவில்லை, அதனால் கிட்ட இருந்தவர்மேல் போட்டேன்.

"நீங்கள் ஏன் இரண்டாம் தரம் கேட்கவில்லை?"

அவர் திகைத்துப்போனார். "நீங்கள் வேண்டாம் என்று சொன்ன பிறகு திரும்பவும் கேட்பது மரியாதையில்லையே," என்றார்.

பிறகு நான் எங்கள் வழக்கத்தை விளங்கப்படுத்தினேன். அவரும் என் படிப்புப் படித்தவர்தானே, உடனே எத்தனை தரம் கேட்க வேண்டும் என்று கேட்டார். அது விடயத்தைப் பொறுத்தது என்றேன். தேநீர் என்றால் இரண்டாம் தரத்திலேயே வாங்கிவிடலாம். பதவி என்றால் மூன்று. சோறு என்றால் கேள்வியே கிடையாது, தட்டில் போட்டுவிட வேண்டியதுதான். அவர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். அவரை அப்படி நான் பார்த்ததில்லை. சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்தபோது முகம் மாறியது. அப்படியானால் அந்த ஒவ்வொரு தரமும் உங்களுக்கு விருப்பம் இருந்ததா என்று கேட்டார். ஒவ்வொரு தரமும் என்றேன். கொஞ்ச நேரம் அவரும் மலையைப் பார்த்தார், நானும் பார்த்தேன். பிறகு, பெயரைத் தாருங்கள், ஆனால் கூட்டத்தில் எழுந்து நின்று ஏன் இந்தப் பதவி வேண்டும் என்று நீங்களேதான் சொல்ல வேண்டும், அது இங்கே விதி என்றார்.

பதவியைக் கேட்டதே பெரிய பாடு. இனி அதை எல்லாருக்கும் முன்னால், என் வாயால், பிரெஞ்சில் கேட்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை இருந்து பேச்சை எழுதி மகளிடம் கொடுத்தேன். அவள் சிவப்புப் பேனையோடு இருந்தாள். முதல் பந்தியில் தற்போதைய தலைவரைப் புகழ்ந்திருந்தேன். இரண்டாம் பந்தியில் போட்டியாக நிற்கும் இளைஞனைப் புகழ்ந்திருந்தேன். மூன்றாவதில் என் குறைகளை விவரமாக எழுதியிருந்தேன். இதைக் கேட்டால் தானே அந்த இளைஞனுக்குத்தான் வாக்குப் போடுவேன் என்றாள். எல்லாவற்றையும் வெட்டிவிட்டு ஒரு வசனத்தை மட்டும் விட்டாள்: எனக்கு இந்தப் பதவி வேண்டும். அதைக் கண்ணாடியைப் பார்த்துச் சொல்லிப் பழகச் சொன்னாள். கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்தால் வெட்கம் வந்தது, அதனால் குளிர்சாதனப் பெட்டியைப் பார்த்துச் சொன்னேன். மெதுவாகச் சொல்கிறீர்கள் அம்மா என்றாள். சத்தமாகச் சொன்னேன். நிலக்கீழ் அறையில் உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்த கணவர் மேலே ஓடி வந்து, "இஞ்சாரும், ஆரோட சண்டை?" என்று கேட்டார்.

கூட்டத்தன்று அந்த இளைஞன் முதலில் பேசினான். திரையில் படங்கள், அம்புக்குறிகள், நிறங்கள். சுருக்கமாக, நன்றாகத்தான் பேசினான், பாழ்படுவான். பிறகு நான் எழுந்தேன். தாளில் ஒரு வசனம்தான் இருந்தது, அதையும் பார்க்காமல் சொன்னேன். எனக்கு இந்தப் பதவி வேண்டும், பல வருடமாக வேண்டும், நான் அதை நன்றாகச் செய்வேன் என்றேன். நேரசூசிகையைப் பற்றிச் சொன்னேன். எங்கள் மாணவர்கள் செப்டெம்பரில் வாசலில் நிற்கிறதைப் பற்றிச் சொன்னேன். மற்றவர்கள் சுமாராகச் செய்வதைப் பார்த்துக்கொண்டிருந்து களைத்துப்போனேன் என்றும் சொல்லிவிட்டேன். அது எழுதாதது. தலைவர் இருமினார், இரண்டு பேர் சிரித்தார்கள். நான் உட்கார்ந்தேன். பின்வரிசையில் இருந்து யாராவது, ஆள் ஆசைப்படுறா என்று சொல்லப்போகிறார்கள் என்று முதுகு கூசியது. ஒருவரும் சொல்லவில்லை.

வாக்கெடுக்கும்போது போட்டியிடுகிறவர்கள் வெளியே நிற்க வேண்டும். நடைபாதையில் நானும் அவனும் சுவரில் சாய்ந்துகொண்டு நின்றோம். அவன் நகத்தைக் கடித்தான். எனக்கே பாவமாகப் போய்விட்டது. நீங்கள் வெல்வீர்கள், கவலைப்படாதீர்கள் என்று பெரிய மனசோடு சொன்னேன்.

"நான் வெல்லக்கூடாது, மதாம்," என்றான் அவன் தாழ்ந்த குரலில். "தலைவர் கேட்டார். நான் வேலைக்கு வந்து சில வருடம்தான். எப்படி வேண்டாம் என்று சொல்வது?"

கைக்குழந்தை இருக்கிறதாம். வீடு இல்-பிசார் தீவில், பஸ் அபூர்வம். ஐந்து மணிக்கு முன்னால் குழந்தையை கார்தெரியில், அதுதான் பிள்ளைக் காப்பகத்தில், இருந்து எடுக்காவிட்டால் அங்கேயுள்ளவர்கள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்களாம். தலைவர் பதவி கிடைத்தால் மனைவி தன்னைப் படகில் ஏற்றி எதிர்க்கரை லவாலுக்கு அனுப்பிவிடுவாள் என்றான். வேண்டியவள் மரியாதைக்கு வேண்டாம் என்றிருக்கிறாள், வேண்டாதவன் பயத்தில் சம்மதித்திருக்கிறான். மனிதர்களின் விருப்பங்களை ஆராய்கிற துறை இது. எனக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. எங்கள் மூன்று தரக் கதையை அவனுக்கும் சொன்னேன். சுவரைப் பிடித்துக்கொண்டு இருவரும் சிரித்ததில், உள்ளே இருந்து யாரோ கதவைத் தட்டி அமைதியாக இருக்கச் சொன்னார்கள். அவன் நல்ல பிள்ளைதான்.

கதவு திறந்தது. உள்ளே போனோம். தலைவர் எழுந்து, நான் தெரிவாகியிருப்பதாகச் சொன்னார். கைதட்டினார்கள். நான் பக்கத்துக் கதிரையைப் பிடித்துக்கொண்டேன். பிறகு அவர் கூட்டக்குறிப்பில் எழுத வேண்டிய சடங்குக் கேள்வியைக் கேட்டார். பதவியை ஏற்றுக்கொள்கிறீர்களா?

"ஐயோ, நானா? என்னைவிடப் பொருத்தமானவர்கள்..." என்றது வாய்.

சத்தியமாக நான் சொல்லவில்லை. அது தன்பாட்டில் வந்தது. குறிப்பெழுதிக்கொண்டிருந்த செயலாளரின் கை நின்றது. பக்கத்தில் இளைஞனின் முகம் சுண்ணாம்பாக வெளுத்தது. எல்லாரும் தலைவரைப் பார்த்தார்கள். இந்த மனுசன் இப்போது தக்கோர் சொன்னால் கதை முடிந்தது, என் கடைசி பஸ்ஸும் போய்விட்டது என்று நினைத்தேன்.

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். சிரிக்கவில்லை.

"மதாம், இரண்டாம் தரம் கேட்கிறேன்," என்றார்.

என் கண் தன்பாட்டில் தாழ்ந்தது. நான் இன்னும் மறுக்கிறேன் என்று நினைத்தார்கள்போலும். அந்த இளைஞன் கதிரை சரியத் துள்ளி எழுந்தான்.

"நான் மூன்றாம் தரம் கேட்கிறேன்," என்றான். "தயவுசெய்து, மதாம்."

அந்தத் தயவுசெய்து அடிவயிற்றில் இருந்து வந்தது. மண்டபம் சிரித்தது. கணிதத்தில் பட்டம் பெற்ற யாரோ பின்னால் இருந்து, எண்ணத் தெரியாமல் நாலாம் தரமும் கேட்டார்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது. வடிவாகக் கண் கலங்குகிற அழுகை இல்லை, மூக்கால் ஓடுகிற வெட்கங்கெட்ட அழுகை. அந்தக் கட்டிடத்துக்கு வந்த நாளில் இருந்து இவர்கள் என்னை இன்னொரு தரம் கேட்க மாட்டார்களா என்றுதான் நின்றிருக்கிறேன். கேட்டுவிட்டார்கள்.

"ஓம்," என்றேன். பிரெஞ்சில் சொல்லத் தோன்றவில்லை. அதற்கு என்ன அர்த்தம் என்று ஒருவரும் கேட்கவில்லை.